வாழிடங்களின் வகைப்பாடு

வாழிடங்களின் வகைப்பாடு என்பது, காட்டுயிர்கள் வாழும் இடங்களை அவற்றின் பொதுவான இயல்புகளைக் கொண்டு பிரித்துப் பெயரிடும் முறை ஆகும். ஓர் உயிரினம் உணவு பெறவும், இனப்பெருக்கம் செய்யவும், பகை விலங்குகளிடமிருந்து தப்பவும் ஏற்ற சூழல் அதன் வாழிடம் எனப்படுகிறது. மழைக்காடு, புல்வெளி, ஆறு, பவளப்பாறை, ஆழ்கடல் தரை போன்றவை இயற்கை வாழிடங்கள். வயல், தோப்பு, ஏரி, உப்பளம், நகரம், துறைமுகச் சுவர் போன்றவை மனிதரால் உருவாக்கப்பட்ட செயற்கை வாழிடங்கள். காட்டுயிர் என்னும் சொல் இங்கு மனிதரால் வளர்க்கப்படாத விலங்குகள், தாவரங்கள் அனைத்தையும் குறிக்கும்.

உலக அளவில் பரவலாகப் பயன்படும் வகைப்பாடு, இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் (ஐ.யு.சி.என்) தனது செம்பட்டியலுக்காக உருவாக்கியது ஆகும். இது நிலம், நன்னீர், கடல் ஆகியவற்றில் உள்ள வாழிடங்களை 18 முதன்மைப் பிரிவுகளில் அடக்குகிறது. ஓர் இடம் எந்தப் பிரிவில் வைக்கப்படுகிறது என்பது பெயர் பற்றிய சிக்கல் மட்டுமன்று. எந்த நிலம் காக்கப்படுகிறது, எது தரிசு என ஒதுக்கப்படுகிறது என்பதையும் அது பல வேளைகளில் முடிவு செய்கிறது.

சொல்லும் பொருளும்

கரோலசு லின்னேயசு 18ஆம் நூற்றாண்டில் தாவரங்களையும் விலங்குகளையும் இலத்தீன் மொழியில் விவரித்தபோது, ஒவ்வொன்றும் எங்கு வாழ்கிறது என்பதை 'ஹாபிடட்' என்ற வினைச்சொல்லுடன் தொடங்கிக் குறிப்பிட்டார். 'அது வாழ்கிறது' என்பது அதன் பொருள். இச்சொல்லே பின்னர் வாழும் இடத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாக அறிவியலில் நிலைபெற்றது.

வாழிடம், சூழல் மண்டலம் ஆகிய இரண்டும் ஒன்றல்ல. சூழல் மண்டலம் என்பது உயிரினங்களும், அவற்றைச் சூழ்ந்த மண், நீர், காற்று முதலியனவும் ஒன்றோடொன்று கொள்ளும் தொடர்புகளின் தொகுப்பு. வாழிடமோ ஒரு குறிப்பிட்ட உயிரினத்தின் நோக்கிலிருந்து வரையறுக்கப்படுவது. ஒரே சோலைக்காடு சோலைமந்திக்கு முழு வாழிடமாகவும், வலசை வரும் பறவைக்கு ஆண்டில் சில மாதங்கள் மட்டும் தங்கும் இடமாகவும் அமையலாம்.

வரலாறு

வாழிடங்களை முறையாக வகைப்படுத்தும் முயற்சிகள் 20ஆம் நூற்றாண்டில் பெருகின. அவற்றுள் குறிப்பிடத்தக்கவை பின்வருமாறு:

- 1947: லெசுலி ஓல்ட்ரிட்சு, வெப்பம், மழையளவு, ஆவியாதல் ஆகியவற்றைக் கொண்டு உலக நிலப்பரப்பைப் பிரிக்கும் முறையை வெளியிட்டார். இது தட்பவெப்பத்தை அடிப்படையாகக் கொண்டது.
- 1954: இங்கிலாந்தின் சூழலியலாளர் சார்லசு எல்டனும் ரிச்சர்டு மில்லரும், விலங்குகளின் வாழிடங்களை அவற்றின் அமைப்பைக் கொண்டு பிரிக்கும் முறையை வெளியிட்டனர். நிலம், நீர், இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதி, நிலத்தடி ஆகியவற்றுடன் மனிதர் குடியிருப்பும் அதில் தனிப் பிரிவாக இருந்தது.
- 1968: சாம்பியன், சேத் ஆகியோரின் இந்தியக் காட்டு வகைகள் பற்றிய திருத்திய நூல் வெளிவந்தது. இந்திய வனத்துறையில் காடுகளை வகைப்படுத்த இன்றும் இதுவே அடிப்படை.
- 1990: ஈரநிலங்களுக்கான ராம்சர் உடன்படிக்கை (1971) தனக்கென ஒரு வகைப்பாட்டை ஏற்றது. இப்போது அதில் கடல் மற்றும் கடற்கரை, உள்நாடு, மனிதரால் உருவாக்கப்பட்டவை என்னும் மூன்று தொகுதிகளில் 42 வகைகள் உள்ளன.
- 1992: ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய வாழிடங்கள் பற்றிய நெறியுறுத்தல், உயிரினங்களை மட்டுமன்றி வாழிட வகைகளையும் சட்டத்தால் காக்க வழிசெய்தது.

ஐ.யு.சி.என் 1948இல் நிறுவப்பட்டது. அதன் செம்பட்டியல் 1964இல் தொடங்கப்பட்டது. பட்டியலில் சேரும் உயிரினங்கள் பெருகியபோது, மழைக்காட்டுத் தவளையையும் ஆழ்கடல் நத்தையையும் ஒரே முறையில் விவரிக்கும் பொதுக் குறியீடுகள் தேவைப்பட்டன. அத்தேவையின் விளைவே இன்றைய வாழிட வகைப்பாடு. ஈரநிலப் பிரிவுகள் பலவற்றில் ராம்சர் வகைப்பாட்டின் தாக்கத்தைக் காணலாம்.

முதன்மைப் பிரிவுகள்

ஐ.யு.சி.என் வகைப்பாட்டின் 18 முதன்மைப் பிரிவுகள் பின்வருமாறு:

1. காடு
2. சவன்னா (மரங்கள் விரவிய புல்வெளி)
3. புதர்நிலம்
4. புல்வெளி
5. உள்நாட்டு ஈரநிலங்கள்
6. பாறைப் பகுதிகள் (உள்நாட்டுச் செங்குத்துப் பாறைகள், மலைமுகடுகள்)
7. குகைகளும் நீரற்ற நிலத்தடி வாழிடங்களும்
8. பாலைநிலம்
9. கரையோர ஆழமற்ற கடல்
10. திறந்த பெருங்கடல்
11. ஆழ்கடல் தரை
12. ஓதஇடைப் பகுதி
13. ஓதமட்டத்திற்கு மேலுள்ள கடற்கரை
14. செயற்கை நில வாழிடங்கள்
15. செயற்கை நீர் வாழிடங்கள்
16. அயல் தாவரங்கள் பரவிய பகுதி
17. பிற
18. அறியப்படாதவை

இவற்றுள் முதல் எட்டும் நிலமும் நன்னீரும் சார்ந்த இயற்கை வாழிடங்கள். 9 முதல் 13 வரை கடல் சார்ந்தவை. 14, 15, 16 ஆகியவை மனிதச் செயலின் விளைவுகள். பெரும்பாலான பிரிவுகளுக்கு இரண்டாம் படிநிலையில் உட்பிரிவுகள் உண்டு. பவளப்பாறை போன்ற சிலவற்றுக்கு மட்டும் மூன்றாம் படிநிலையும் உண்டு.

நில வாழிடங்கள்

காடுகள் தட்பவெப்பம், உயரம், ஈரம் ஆகியவற்றைக் கொண்டு ஒன்பது உட்பிரிவுகளாகப் பிரிக்கப்படுகின்றன. வடதுருவத்தை அடுத்த ஊசியிலைக் காடுகள், மிதவெப்பக் காடுகள், வெப்பமண்டல உலர் காடுகள், தாழ்நில ஈரக் காடுகள், மலைக் காடுகள், சதுப்புக் காடுகள் ஆகியவை இவற்றுள் அடங்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் பகுதிகளிலுள்ள சோலைகள் வெப்பமண்டல ஈர மலைக்காடு என்னும் உட்பிரிவைச் சேர்ந்தவை.

சவன்னாவிலும் புல்வெளியிலும் புற்களே நிலத்தை மூடியிருக்கும். ஆங்காங்கே மரங்கள் நிற்பது சவன்னா. ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. மரங்கள் இல்லாத அல்லது மிக அரிதான இடம் புல்வெளி. தூந்திரம், மிதவெப்பப் புல்வெளி, உலர் புல்வெளி, பருவத்தில் வெள்ளம் தேங்கும் புல்வெளி, உயர்மலைப் புல்வெளி ஆகியவை இதன் உட்பிரிவுகளுள் சில. இந்தியாவின் கானமயில் உலர் புல்வெளியையும், நீலகிரி வரையாடு மலைப் புல்வெளியையும் அதை ஒட்டிய செங்குத்துப் பாறைகளையும் சார்ந்து வாழ்கின்றன.

பாலைநிலம் வெப்பப் பாலை, மிதவெப்பப் பாலை, குளிர்ப் பாலை என மூவகைப்படும். வெப்பத்தைவிட நீரின்மையே பாலையின் அடையாளம். ஆதலால் உறைபனி சூழ்ந்த உயர்நிலங்களும் இப்பிரிவில் இடம்பெறலாம்.

குகைகள் என்னும் பிரிவு நீரற்ற நிலத்தடி இடங்களை மட்டுமே குறிக்கும். வௌவால்கள் தங்கும் குகை இப்பிரிவில் வரும். ஐரோப்பாவின் தினாரிக் மலைப்பகுதியில் நிலத்தடி நீரோட்டங்களில் வாழும் ஓல்ம் என்னும் கண்பார்வையற்ற நீர்வாழ் விலங்கும் குகையில்தான் வாழ்கிறது. எனினும் அது நீரில் வாழ்வதால், அதன் வாழிடம் உள்நாட்டு ஈரநிலங்களின் கீழ் சுண்ணப்பாறை நீரமைப்பு என்னும் உட்பிரிவில் வைக்கப்படுகிறது.

உள்நாட்டு ஈரநிலங்கள்

ஈரநிலங்கள் 18 உட்பிரிவுகளைக் கொண்டவை. நீர் ஓடுகிறதா தேங்குகிறதா, ஆண்டு முழுவதும் இருக்கிறதா பருவத்தில் மட்டுமா, நன்னீரா உவர்நீரா, பரப்பு எவ்வளவு என்பன பிரிப்புக்கு உதவும் கேள்விகள். 8 எக்டேருக்கு மேற்பட்டது ஏரி எனவும், அதற்குக் குறைந்தது குட்டை அல்லது சிறு சதுப்பு எனவும் கொள்ளப்படுகிறது. இந்த எல்லை உயிரினங்கள் வகுத்தது அன்று. கணக்கெடுப்பின் வசதிக்காக மனிதர் வகுத்தது.

பரப்பில் மிகச் சிறிய வாழிடமும் ஓர் இனத்தின் முழு உலகமாக இருக்கக்கூடும். ஐக்கிய அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் 'டெவில்சு ஓல்' என்னும் நீர் நிறைந்த பாறைப்பிளவு ஒன்று உள்ளது. அங்குள்ள சிறு மீனினம் ஒன்று உலகில் வேறு எங்கும் இயற்கையாகக் காணப்படுவதில்லை.

கடல் வாழிடங்கள்

நிலத்தில் மழையும் வெப்பமும் செய்யும் பிரிவினையைக் கடலில் ஆழமும் ஒளியும் தரையின் தன்மையும் செய்கின்றன.

கரையோர ஆழமற்ற கடல் என்பது கண்டத்திட்டின் மேலுள்ள, ஏறத்தாழ 200 மீட்டர் வரை ஆழமுள்ள பகுதி. பாறைத் தரை, மணல் தரை, சேற்றுத் தரை, பெரும்பாசிக் காடு, பவளப்பாறை, கடற்புல் படுகை, கழிமுகம் ஆகியவை இதன் உட்பிரிவுகள். கடற்புல்லையே முதன்மை உணவாகக் கொண்ட பாலூட்டியான ஆவுளியா (கடற்பசு), மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணைப் பகுதியிலும் வாழ்கிறது. 2022இல் தமிழ்நாடு அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பை ஆவுளியாவுக்கான பாதுகாப்பகமாக அறிவித்தது. ஒரு விலங்கைக் காப்பதற்கு அதன் கடற்புல் படுகையைக் காப்பதே வழி என்னும் கருத்து இதற்கு அடிப்படையாகும்.

திறந்த பெருங்கடலின் நீர்ப்பகுதி ஆழத்தைக் கொண்டு அடுக்குகளாகப் பிரிக்கப்படுகிறது:

- மேலடுக்கு: 0 முதல் 200 மீட்டர் வரை. ஒளிச்சேர்க்கைக்குப் போதிய ஒளி இங்கு மட்டுமே உண்டு.
- இடையடுக்கு: 200 முதல் 1000 மீட்டர் வரை. மங்கலான ஒளி மட்டும் எட்டும்.
- ஆழடுக்கு: 1000 முதல் 4000 மீட்டர் வரை. கதிரவன் ஒளி முற்றிலும் இல்லை.
- பேராழடுக்கு: 4000 முதல் 6000 மீட்டர் வரை.

ஆழ்கடல் தரை தனிப் பிரிவாகும். கண்டச்சரிவு, ஆழ்கடற் சமவெளி, கடலடி மலைகள், 6000 மீட்டருக்கும் ஆழமான அகழிகள், வெப்பநீர் ஊற்றுகள் ஆகியவை இதில் அடங்கும். 1977இல் கலாபகசுத் தீவுகளுக்கு அருகே, ஆல்வின் என்னும் நீர்மூழ்கியின் உதவியுடன் கடலடி வெப்பநீர் ஊற்றைச் சூழ்ந்த உயிரினக் கூட்டம் கண்டறியப்பட்டது. அங்குள்ள உணவுச் சங்கிலி கதிரவன் ஒளியை நம்பியிருக்கவில்லை. ஊற்றிலிருந்து வரும் ஐதரசன் சல்பைடு போன்ற வேதிப்பொருள்களிலிருந்து ஆற்றல் பெறும் பாக்டீரியாக்களே அதற்கு அடித்தளம். இக்கண்டுபிடிப்புக்குப் பின்னரே ஆழ்கடல் ஊற்று ஒரு தனி வாழிடமாக உணரப்பட்டது.

இந்தியப் பெருங்கடலின் வெப்பநீர் ஊற்றுகளில், காலில் இரும்புச் சேர்மம் படிந்த செதில்களைக் கொண்ட நத்தையினம் ஒன்று வாழ்கிறது. 2019இல் இது அருகிய இனமாகச் செம்பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆழ்கடல் சுரங்கப் பணியால் நேரக்கூடிய அச்சுறுத்தலைக் காரணமாகக் கொண்டு பட்டியலில் இடம்பெற்ற முதல் இனம் இதுவே. அப்போது அறியப்பட்ட மூன்று இடங்களுள் இரண்டு கனிம ஆய்வு உரிமங்களுக்கு உட்பட்ட பகுதிகளில் இருந்தன.

ஓதஇடைப் பகுதி என்பது கடலேற்றத்தில் மூழ்கி இறக்கத்தில் வெளிப்படும் கரை. பாறைக்கரை, மணற்கரை, சேற்றுநிலம், உவர்ச் சதுப்பு, பாறைக் குட்டை ஆகியவை இதில் அடங்கும். அலை எட்டாத மணல்மேடுகள், கடலோரச் செங்குத்துப் பாறைகள், காயல்கள் ஆகியவை ஓதமட்டத்திற்கு மேலுள்ள கடற்கரைப் பிரிவைச் சேர்ந்தவை. கண்டல் காடு இவ்வகைப்பாட்டில் இரண்டு இடங்களில் வருகிறது. உயர் ஓத மட்டத்திற்கு மேலுள்ள பகுதி காடுகளின் கீழும், நீரில் மூழ்கும் வேர்ப்பகுதி ஓதஇடைப் பகுதியின் கீழும் வைக்கப்படுகின்றன. பிச்சாவரத்தில் கண்டல் மரத்தின் கிளையில் கூடு கட்டும் கொக்கும், அதன் வேரிடையே வளரும் இறால் குஞ்சும் ஒரே மரத்தை நம்பியிருந்தும் அவற்றின் வாழிடக் குறியீடுகள் வெவ்வேறு.

செயற்கை வாழிடங்கள்

மனிதர் தம் தேவைக்காக உருவாக்கிய அல்லது முற்றிலும் மாற்றியமைத்த இடங்கள் செயற்கை வாழிடங்கள் எனப்படுகின்றன.

செயற்கை நில வாழிடங்கள் ஆறு: உழுநிலம், மேய்ச்சல் நிலம், பெருந்தோட்டம், ஊர்ப்புறத் தோட்டம், நகர்ப்பகுதி, பெரிதும் சீரழிந்த முன்னாள் காடு. இயற்கையில் செங்குத்துப் பாறைகளில் முட்டையிடும் பொரி வல்லூறு, நியூயார்க், இலண்டன் போன்ற நகரங்களில் உயர்ந்த கட்டடங்களில் முட்டையிடுகிறது. அதற்குக் கட்டடம் பாறையாகவும் மாடப்புறா இரையாகவும் அமைந்துவிட்டன.

செயற்கை நீர் வாழிடங்களின் பட்டியல் நீளமானது. நீர்த்தேக்கம், குட்டை, மீன்வளர்ப்புக் குளம், உப்பளம், கற்சுரங்கப் பள்ளம், கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் குளம், பாசன நிலம், பருவத்தில் நீர் தேங்கும் வயல், கால்வாய், கடலிலுள்ள கட்டமைப்புகள், கடலில் மீன் வளர்க்கும் கூண்டுகள் ஆகியவை இதில் இடம்பெறுகின்றன.

தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய், ஏந்தல், தாங்கல் எனவும் இலங்கையில் குளம், வாவி எனவும் வழங்கும் பாசன நீர்நிலைகள் இப்பிரிவின் சிறந்த எடுத்துக்காட்டுகள். செங்கல்பட்டு மாவட்டத்தின் வேடந்தாங்கலும் திருநெல்வேலி மாவட்டத்தின் கூந்தன்குளமும் இயற்கை ஏரிகள் அல்ல. பாசனத்துக்காகக் கரை கட்டி மழைநீரைத் தேக்கியவை. கூழைக்கடா, சங்குவளை நாரை, நீர்க்காகம் முதலிய பறவைகள் இங்குள்ள மரங்களில் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. பறவைகளின் எச்சம் கலந்த நீரும் வண்டலும் வயல்களுக்கு உரமாகின்றன. ஊரார் இப்பறவைகளைத் தலைமுறைகளாகக் காத்து வந்ததற்கு இப்பயனும் ஒரு காரணம். இவ்விரண்டு இடங்களும் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இலங்கையில் மகாசேன மன்னன் கட்டியதாகக் கூறப்படும் மின்னேரியாக் குளத்தில், வறண்ட காலத்தில் நீர் வற்றும்போது வெளிப்படும் புல்லை மேய யானைகள் பெருங்கூட்டமாகக் கூடுகின்றன.

நெல்வயலும் ஈரநிலமே. 2008இல் தென்கொரியாவின் சாங்வான் நகரில் கூடிய ராம்சர் மாநாடு, நெல்வயல்களை ஈரநில அமைப்புகளாக மதிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. உத்தரப் பிரதேசத்தில் சாரசுக் கொக்கு நெல்வயல்களிலும் அவற்றை ஒட்டிய சதுப்புகளிலும் கூடு கட்டுகிறது. கோடியக்கரைப் பகுதியில் உப்பளங்களை ஒட்டிய உவர்நீர்ப் பரப்புகளில் பூநாரைகள் இரை தேடுகின்றன.

கடலில் மூழ்கிய கப்பல், எண்ணெய்க் கிணற்றின் தூண், துறைமுகச் சுவர் ஆகியவற்றில் பாசியும் சிப்பியும் பவளமும் ஒட்டி வளர்கின்றன. இதை அறிந்து திட்டமிட்டே மூழ்கடிப்பதும் உண்டு. 2006இல் ஐக்கிய அமெரிக்கா, ஒரிசுகனி என்னும் பழைய விமானந்தாங்கிக் கப்பலைப் புளோரிடா கடற்கரைக்கு அப்பால் செயற்கைப் பாறையாகும்படி மூழ்கடித்தது. மன்னார் வளைகுடாவில், பவளப்பாறைகள் வெட்டி எடுக்கப்பட்டதும் ஒரு காரணமாக 21 தீவுகளுள் இரண்டு கடலில் மூழ்கின. தேய்ந்து வந்த வான்தீவைக் காக்கத் தூத்துக்குடிக்கு அருகே 2015 முதல் செயற்கைப் பாறைக் கட்டமைப்புகள் இறக்கப்பட்டன. அவை அலையின் வேகத்தைக் குறைப்பதோடு மீன்களுக்குப் புகலிடமாகவும் உள்ளன. எனினும் இயற்கைப் பவளப்பாறை அழிந்தால் அதன் இடத்தைச் செயற்கைப் பாறை முழுமையாக நிரப்பும் எனக் கொள்ளுதல் தவறு.

அயல் தாவரங்கள் பரவிய பகுதி என்னும் 16ஆம் பிரிவு, வேற்று நிலத்திலிருந்து கொண்டுவரப்பட்டுத் தானே பரவிய தாவரங்கள் மூடிய இடத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டின் சீமைக் கருவேலங் காடுகளையும் உண்ணிச்செடிப் புதர்களையும் இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம்.

பதிவு செய்யும் முறை

செம்பட்டியலுக்காக ஓர் இனம் மதிப்பிடப்படும்போது, அது வாழும் எல்லா வாழிடங்களும் குறியீட்டுடன் பதியப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் மூன்று செய்திகள் சேர்க்கப்படலாம்:

- தகுதி: அவ்வாழிடம் இனத்துக்கு ஏற்றதா, ஓரளவே ஏற்றதா.
- முதன்மை: இனத்தின் நிலைபேற்றுக்கு அது இன்றியமையாததா.
- பருவம்: ஆண்டு முழுவதும் தங்குமிடமா, இனப்பெருக்க இடமா, இனப்பெருக்கமற்ற காலத்து இடமா, வலசை வழியா.

பங்குனி ஆமை இம்முறையை விளக்க ஏற்ற உயிரினம். இது பெருங்கடலின் மேலடுக்கிலும் கரையோரக் கடலிலும் இரை தேடுகிறது. முட்டையிட மட்டும் மணற்கரைக்கு வருகிறது. சென்னைக் கடற்கரையிலும் ஆண்டின் தொடக்க மாதங்களில் இது முட்டையிடுவதுண்டு. வாழ்நாளில் மிகச் சிறு பகுதியையே கரையில் கழித்தாலும், அக்கரை இல்லையேல் இனம் தொடராது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் கடலின் ஒளிர்வை நோக்கிச் செல்பவை. கரையிலுள்ள மின்விளக்குகள் அவற்றைத் திசைமாற்றி ஊர்ப்பக்கம் இழுத்துவிடுகின்றன. பரப்பளவைக் கொண்டு மட்டும் ஒரு வாழிடத்தின் மதிப்பை அளக்க இயலாது என்பதை இது காட்டுகிறது.

பயன்பாடு

ஓர் இனத்தின் அழிவாய்ப்பை மதிப்பிடும் அளவுகோல்களுள் அதன் வாழிடத்தின் பரப்பும் தரமும் குறைந்துவருவது ஒன்றாகும். ஒரே குறியீடுகள் பயன்படுவதால், எந்த வகை வாழிடத்தில் அருகிய இனங்கள் மிகுந்துள்ளன என்பதை உலக அளவில் ஒப்பிட முடிகிறது.

மற்றொரு பயன் நிலப்படம் வரைதல். ஓர் இனத்தின் பரம்பல் எல்லைக்குள் அதற்கு ஏற்ற வாழிடமும் உயரமும் உள்ள பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்தால், அது உண்மையில் வாழக்கூடிய பரப்பு கிடைக்கும். இது பெரும்பாலும் பரம்பல் எல்லையைவிட மிகக் குறைவாக இருக்கும். செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு, ஐ.யு.சி.என் பிரிவுகளின்படி வரையப்பட்ட உலக நில வாழிட நிலப்படம் 2020இல் வெளியானது.

எல்லைச் சிக்கல்கள்

இயற்கை, செயற்கை என்னும் பிரிவினை எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியிலுள்ள 'பிராட்சு' எனப்படும் ஏரிகள் நெடுங்காலம் இயற்கை ஏரிகள் எனவே கருதப்பட்டன. 1950களில் தாவரவியலாளர் சாய்சு லாம்பர்ட் அங்குள்ள மண்ணைத் துளையிட்டு ஆராய்ந்தார். ஏரிகளின் பக்கங்கள் செங்குத்தாக வெட்டப்பட்டவை என அறியப்பட்டது. இடைக்கால மக்கள் எரிபொருளுக்காகக் கரிமண் தோண்டிய பள்ளங்களில் பின்னர் நீர் புகுந்து அவை ஏரிகளாயின. பிரித்தானியாவுக்கே உரிய வண்ணத்துப்பூச்சித் துணையினம் ஒன்று இச்சதுப்பு நிலத்தைச் சார்ந்தே வாழ்கிறது.

நெதர்லாந்தின் ஊசுட்வார்டர்சுபிளாசன் இதனினும் இளையது. 1968இல் நீர் வெளியேற்றப்பட்டுப் பெறப்பட்ட நிலத்தில், தொழிற்சாலைகளுக்கென ஒதுக்கப்பட்டுப் பயன்படாது கிடந்த தாழ்பகுதி சதுப்பாக மாறியது. 2006இல் வெண்வாற் கழுகு அங்கு இனப்பெருக்கம் செய்தது. மனிதர் உருவாக்கிய இடம் சில பத்தாண்டுகளிலேயே அரிய உயிரினங்களின் வாழிடமாகலாம் என்பதற்கு இது சான்று.

இதற்கு எதிரான சிக்கலும் உண்டு. பசுமையாகத் தோன்றுவன எல்லாம் காடு அல்ல. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வரையறைப்படி, 0.5 எக்டேருக்கு மேற்பட்ட பரப்பில், 5 மீட்டருக்கு மேல் வளரும் மரங்களின் கவிகை 10 விழுக்காட்டைத் தாண்டினால் அது காடு. இரப்பர்த் தோட்டமும் அதில் அடங்கும். இந்திய வன அளவீட்டு நிறுவனம், ஒரு எக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் கவிகை 10 விழுக்காட்டைத் தாண்டும் நிலத்தை, மர இனம் எதுவாயினும், காட்டுப் பரப்பில் சேர்க்கிறது. ஐ.யு.சி.என் வகைப்பாட்டிலோ தைலமரத் தோப்பும் இரப்பர்த் தோட்டமும் செயற்கை நில வாழிடங்கள். ஆகவே இயற்கைக் காடு அழிந்து அதே அளவு தோட்டம் வளர்ந்தால், ஒரு கணக்கில் இழப்பே தெரியாது. மற்றொன்றில் அது முழு இழப்பு.

நீலகிரி, பழனி மலைகளின் புல்வெளிகள் இச்சிக்கலின் விளைவை நேரடியாகச் சந்தித்தவை. இம்மலைகளின் உச்சிப் பகுதியில் பள்ளத்தாக்குகளில் சோலையும் சரிவுகளில் புல்வெளியும் மாறிமாறி அமைந்துள்ளன. கரிமண் படிவுகளின் ஆய்வு, இங்கு புல்வெளி பல்லாயிரம் ஆண்டுகளாக இருந்து வருவதைக் காட்டியுள்ளது. ஆயினும் குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இவை மரமற்ற வீண்நிலமாகக் கருதப்பட்டன. தைலமரமும், தோல் பதனிடப் பயன்படும் பட்டைக்காக அயல் நாட்டுச் சீகை மரமும் நடப்பட்டன. விடுதலைக்குப் பின்னரும் இது தொடர்ந்தது. சீகை விதைகள் தாமே பரவி எஞ்சிய புல்வெளியையும் ஆக்கிரமித்தன. வரையாடும் நீலகிரி நெட்டைக்காலியும் மரநிழலில் வாழ இயலாதவை. மரம் நட்டதால் வாழிடம் இழந்த உயிரினங்கள் இவை.

சமவெளிப் புல்வெளிகளின் நிலையும் இத்தகையதே. இந்திய வருவாய் நில வழக்கில் புதர்நிலமும் உலர் புல்வெளியும் தரிசு என்னும் சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. தரிசு எனப் பெயர் பெற்ற நிலம் சாலைக்கோ, தொழிற்சாலைக்கோ, மரம் நடவோ எளிதில் ஒதுக்கப்படுகிறது.

மட்டுப்பாடுகள்

வகைப்பாடு எவ்வளவு விரிந்ததாயினும் அதற்குச் சில குறைகள் உண்டு.

- ஒரே பிரிவுக்குள் பெரும் வேறுபாடுகள் மறைந்துவிடுகின்றன. நிழல்மரங்கள் செறிந்த காப்பித் தோட்டமும் ஒற்றை மரத் தைலத் தோப்பும் பெருந்தோட்டம் என்னும் ஒரே குறியீட்டைப் பெறலாம். ஆனால் அவற்றில் வாழும் பறவைகள் ஒன்றல்ல.
- இருவகை வாழிடங்களின் விளிம்பு தனிப் பிரிவாக இல்லை. வால்பாறையில் சோலைமந்திகள் துண்டுபட்ட மழைக்காடுகளுக்கும் தோட்டங்களுக்கும் இடையே நடமாடுகின்றன. அவற்றின் வாழ்க்கையை இரண்டு குறியீடுகள் முழுமையாக விவரிப்பதில்லை.
- வாழிடத்தின் தரத்தைக் குறியீடு கூறுவதில்லை. மாசடைந்த ஏரியும் தூய ஏரியும் ஒரே குறியீட்டுக்கு உரியவை.

இக்குறைகளுள் சிலவற்றைக் களையும் நோக்கில் ஐ.யு.சி.என் 2020இல் உலகச் சூழல் மண்டல வகைப்பாடு ஒன்றையும் வெளியிட்டது. அது தனி இனங்களின் வாழிடத்தை அன்றி, சூழல் மண்டலங்கள் இயங்கும் முறையை அடிப்படையாகக் கொண்டது. வயல், நகரம், நீர்த்தேக்கம் போன்ற மனிதர் உருவாக்கிய மண்டலங்களும் அதில் இடம்பெற்றுள்ளன. இனங்களின் செம்பட்டியலுக்குப் பழைய வாழிட வகைப்பாடே தொடர்ந்து பயன்படுகிறது.

செயற்கை என்னும் பெயர் ஒரு வாழிடம் மதிப்பற்றது எனக் கூறுவதன்று. இயற்கை என்னும் பெயர் அது நல்ல நிலையில் உள்ளது எனக் கூறுவதுமன்று. அவ்விடம் எவ்வாறு உருவாயிற்று என்பதையே அச்சொற்கள் குறிக்கின்றன. கரை உடைந்து தூர்ந்த ஏரி பறவைகளை இழக்கும். ஆதலால் செயற்கை வாழிடம் நிலைக்க மனிதரின் தொடர்ந்த பராமரிப்பு வேண்டும். மலைப் புல்வெளிக்கோ மரம் நடாது விடுதலே முதன்மையான பாதுகாப்பு. எந்த இடத்துக்கு எது தேவை என்பதை அறிய, முதலில் அவ்விடம் எத்தகையது எனச் சரியாக அடையாளம் காண வேண்டும். வகைப்பாட்டின் முதன்மையான பயன் இதுவே.